சொல்லிக் காட்டாத சோறு

லைன்ஹாகன் பள்ளி ஒன்றியத்துக்குச் சொந்தமான நாற்பத்து மூன்று பள்ளிகளில், அடுப்பு மூட்டி உலை ஏற்றும் பள்ளி ஒன்றே ஒன்றுதான் எஞ்சியிருந்தது. மற்ற நாற்பத்திரண்டுக்கும் ஹனோவருக்கு அப்பாலிருந்து பதினொரு மணிக்கு வண்டி வரும். மூடிய பெட்டிகளில் உணவு வரும். அதைச் சூடாக்கிப் பரிமாறுவார்கள். கஸ்டானியன் வீதிப் பள்ளியில் மட்டும் காலை ஆறரைக்கே லூர்தம்மாவின் கை தண்ணீருக்குள் இருக்கும்.

அன்று அறுபது கிலோ உருளைக்கிழங்கு. தோலை இயந்திரம் உரித்துவிடும். ஆனால் கிழங்கின் கண்களை அதற்குத் தோண்டத் தெரியாது. அறுவர் சுற்றி நின்று சிறு கத்தியால் அவற்றைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கார்த்திகை மாதத்துப் பனிமூட்டம் சன்னலில் ஈரச் சீலைபோல் ஒட்டியிருந்தது. வாளியில் விழும் கிழங்குகளின் சத்தத்துக்கு மேலாகச் சுகன்யாதேவிதான் முதலில் வாயைத் திறந்தாள். அவள் அந்தச் சமையற்கூடத்தின் இரண்டாம் கை, வாயில் முதலிடம்.

"அக்கா, எங்கட ஒரு கோப்பைச் சாப்பாடு ஆறு யூரோ நாற்பத்தேழு சதமாம். பெட்டிச் சாப்பாடு ஐஞ்சு முப்பத்தைஞ்சாம். நாங்கள் சோத்துக்குள்ள தங்கமோ போடுறம்?"

"தங்கம் போடுறதெண்டால் உன்ர காதில கிடக்கிறதைத்தான் கழற்றவேணும். கிழங்கைப் பார். அதில ஒரு கண் கிடக்கு," என்றாள் லூர்தம்மா.

சிரித்தார்கள், ஆனால் நெடுநேரம் சிரிக்கவில்லை. தட்டைக் கோப்பை என்று சொல்லும் அந்த ஆறு பெண்களுக்கும் அந்தச் சதங்களின் பொருள் தெரியும். ஒன்றியத்துக்கு அவ்வாண்டு இருபத்தொரு இலட்சம் யூரோ துண்டு விழுந்திருந்தது. கூரை, கொதிகலன், பேருந்து, துப்புரவு, உணவு என்று ஒன்றையும் விடாமல் ஆராய்ந்து, ஒன்றியத்தின் நிதி நலம் எப்படி இருக்கிறதென்று அறிக்கை தருமாறு ஒரு தணிக்கை நிறுவனத்தை அமர்த்தியிருந்தார்கள். முதற் பட்டியல் வந்துவிட்டது. அதில் லூர்தம்மாவின் சமையற்கூடம் சிவப்பு மையில் இருந்தது. தைமாதத்து ஒன்றியப் பேரவையில் அதை மூடும் தீர்மானம் வரும் என்றார்கள்.

லூர்தம்மாவுக்கு ஐம்பத்தேழு வயது. பேசாலைக் கடற்கரையில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்திறங்கி, பாத்திரம் கழுவுபவளாகத் தொடங்கி, நாற்பதாவது வயதில் தன் பிள்ளைகளின் வயதுடையவர்களோடு உட்கார்ந்து அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற்றவள். பதினான்கு ஆண்டுகளாக அந்த அடுப்புக்கு அவளே பொறுப்பு. ஓய்வூதியத்துக்கு இன்னும் பத்து ஆண்டுகள் இருந்தன. இந்த வயதில் வேறெவர் அவளை அடுப்படிக்கு அழைப்பார்?

தணிக்கை செய்யும் பெண் ஒன்பது மணிக்கு வந்தாள். சாம்பல் நிற மேலங்கி, தோளில் கணினிப் பை, முப்பது வயதிருக்கும். ஜெர்மன் மொழியில் "காலை வணக்கம், ஃபிராவ் அலோசியஸ்" என்று லூர்தம்மாவைக் கணவர் பேரால் அழைத்துக் கை நீட்டினாள். சுகன்யாதேவி முகத்தைப் பார்த்தாள். கழுத்துச் சங்கிலியைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"அட, எங்கட பிள்ளை! நீங்கள் எவடம், பிள்ளை? ஆற்ற மகள்?"

"பேர் கம்சனா. இஞ்ச நிக்கும்வரைக்கும் நான் ஆற்ற மகளும் இல்லை, அக்கா. சோதனைக்கு வந்தனான்."

"சரி, அதுக்காகத் தேத்தண்ணி குடிக்காமல் இருக்கிறதோ?"

"ஏலாது. சோதிக்கிற இடத்தில வாயில ஒண்டும் வைக்கக்கூடாது. விதி."

"பச்சைத் தண்ணி?"

"என்னட்டப் போத்தல் இருக்கு."

அவள் மாடிக்குப் போனதும் சுகன்யாதேவி கத்தியை மறுபடி எடுத்தாள். "உதைப் பெத்த தாய் எதைக் குடுத்து வளத்தாவோ."

"விதியைக் குடுத்து வளத்திருக்கிறா," என்றாள் லூர்தம்மா. சொன்ன குரலில் குறை இல்லை. தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள்மேல் அவளுக்கு எப்போதும் ஒரு மதிப்பு உண்டு.

பன்னிரண்டேகாலுக்கு மணி அடித்தது. இங்கே பந்தியின் முறையைச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஓர் அட்டை உண்டு. அதை மேசையிலுள்ள கருவியில் காட்டினால், பெற்றோர் பணம் கட்டியிருந்தால் பச்சை விளக்கு எரியும். கட்டாவிட்டால் சிவப்பு எரியும்; கருவி எண்ணுவது பச்சையை மட்டும். சிவப்பு எரிந்தால் ஒரு துண்டுப் பாண் ரொட்டியும் ஓர் ஆப்பிளும் கொடுத்துப் பிள்ளையை அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒன்றியத்தின் எழுத்துமூல விதி. லூர்தம்மா அந்தக் கடிதத்தைப் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் படித்தாள், உறையில் இட்டாள், அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். அன்றிலிருந்து அவளுடைய அகப்பை விளக்கைப் பார்ப்பதில்லை. பச்சைக்கும் ஓர் அகப்பை, சிவப்புக்கும் ஓர் அகப்பை. தலைமை ஆசிரியர் அந்த அரைமணி நேரம் முழுவதும் சன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதை அவர்கள் எந்த ஏட்டிலும் குறிக்கவில்லை. தங்களுக்குள்கூட ஒருத்தி இன்னொருத்தியிடம் இன்று எத்தனை சிவப்பு என்று கேட்டதில்லை. கோழிக்கறியின் வெப்பநிலையை நாள்தோறும் குறித்து, ஒவ்வொரு கறியிலும் நூறு கிராம் எடுத்துத் திகதியிட்டு உறைய வைத்து, உப்புப் பொட்டலத்துக்குக்கூடக் கணக்கு வைத்த லூர்தம்மா, இந்த ஒன்றை மட்டும் எழுதவில்லை. பசித்த பிள்ளைக்குப் போட்ட சோற்றை எண்ணுவது அவர்கள் வீட்டு வழக்கமன்று. எண்ணினால் சொல்ல வரும். சொன்னால் சொல்லிக் காட்டுவதாகும். அதைவிடக் கீழான செயல் அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் பிற்பகல் கம்சனா அவளை மாடிக்கு அழைத்தாள். மேசையில் கடதாசிகள் விளிம்பு பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன.

"இருங்கோ, ஃபிராவ் அலோசியஸ். ஒரு விசயம் எனக்கு விளங்கேல்ல. நீங்கள் வாங்கிற சாமான் கிட்டத்தட்ட நானூறு பேருக்குக் காணும். காசு கட்டிச் சாப்பிடுறது ஒரு நாளைக்கு முன்னூற்றாறு பேர். மிச்சம் தொண்ணூறு பேற்ற சாப்பாடு எங்க போகுது?"

லூர்தம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"குப்பைத் தொட்டியையும் நிறுத்துப் பாத்தனான். வெறுமையாக் கிடக்கு. வேற எந்தப் பள்ளியிலயும் இவ்வளவு குறைவா எறியேல்ல."

"சாப்பாட்டை எறியிறதுக்கோ சமைக்கிறது?"

"அதுதான் கேக்கிறன். எறியேல்லயெண்டால் எங்க?" கம்சனா ஒரு கடதாசியைத் திருப்பி வைத்தாள். "உங்கட அவர் சனி, ஞாயிறில விசேச வீடுகளுக்குச் சமைச்சுக் குடுக்கிறவராம். ஒன்றியத்துக்கு ஒரு கடிதம் வந்திருக்கு. பேர் போடாத கடிதம். பள்ளிக்கூட அரிசியிலதான் அவற்ற அண்டா கொதிக்குதாம்."

லூர்தம்மாவின் காது மடல்கள் சூடேறின. இந்த நாட்டில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் எவரும் அவளை நோக்கிக் களவு என்ற சொல்லை நீட்டியதில்லை.

"நீங்கள் அதை நம்புறியளோ?"

"நான் நம்புறதுக்கு வரேல்ல. வெள்ளிக்கிழமை முடிக்கவேணும், உங்களுக்காகத் திங்கள்வரைக்கும் வைச்சிருக்கிறன். அதுக்குள்ள பதில் இல்லாட்டி, விளக்கமில்லாத இழப்பு எண்டு எழுதவேண்டி வரும். அதுக்குப் பிறகு அது வக்கீல்மாற்ற கையில."

சனிக்கிழமை முற்பகலில் வீட்டின் பின்புறத்தில் அவள் கணவர் அலோசியஸ் அண்டா தேய்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பங்குக் கோயிலில் பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு. இருநூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு. முழங்கால் தேய்ந்து களஞ்சிய வேலையிலிருந்து நின்றபின் அந்த அண்டாக்களே அவருடைய தொழில். வெந்நீரின் ஆவி குளிரில் அவர் தலைக்குமேல் எழுந்து நின்றது. லூர்தம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"ஆர், நான் கள்ளனோ?" அலோசியஸ் தேய்க்கும் நாரைக் கீழே எறிந்தார். "அந்தோனியார் திருநாளுக்குச் சமைச்சுப்போட்டு ஒரு சதம் வாங்காமல் வந்தவன் கள்ளனோ? லூர்து, திங்கட்கிழமை நீர் போய் உள்ளதைச் சொல்லும்."

"சொன்னால் வேலை போகும்."

"போகட்டும்! பேர் மிஞ்சும்."

"வேலை போனால் போகுது எண்டே வையுங்கோ. செவ்வாய்க்கிழமை அந்தப் பிள்ளையளுக்கு என்ன? பாண் துண்டு. அதை ஆர் குடுக்கிறது? சுகன்யா குடுப்பாளோ? அவளுக்குக் கை வராது. பிறகு அவளுக்கும் வேலை போகும்."

"அப்ப நான் கள்ளனாவே இருக்கிறன். உமக்குச் சந்தோசமோ?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. பதினாலு வரியம், அப்பா. ஒரு நாளும் வாயால சொன்னதில்லை. இப்ப என்ர வேலையைக் காப்பாத்தவெண்டு, உன்ர பிள்ளைக்கு நான் சோறு போட்டனான், உன்ர பிள்ளைக்கும் போட்டனான் எண்டு பட்டியல் வாசிக்கிறதோ? பிறகு அது சோறோ?"

அலோசியஸ் குனிந்து நாரை எடுத்தார். அண்டாவின் அடியில் பிடித்திருந்ததைச் சுரண்டினார்.

"நீர் சொல்லாட்டி விடும்," என்றார் கடைசியில், கோபம் பாதி ஆறிய குரலில். "கழுவிறவனுக்குத் தெரியும். அண்டாவைப் பாத்தாலே எத்தனை பேர் சாப்பிட்டவை எண்டு சொல்லிப்போடலாம். அதுக்கு வாய் வேணுமோ?"

லூர்தம்மா அவரை உற்றுப் பார்த்தாள். "இன்னொருக்கால் சொல்லுங்கோ," என்றாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே அவள் கம்சனாவின் மேசைமுன் நின்றாள்.

"பிள்ளை, நான் ஒண்டும் சொல்ல மாட்டன். என்னோட குசினிக்கு வாங்கோ. அங்க ஒராள் சொல்லும்."

சமையற்கூடத்தின் கோடியில் தட்டுக் கழுவும் இயந்திரம் நின்றது. ஆள் உயரம், மேலே தூக்கி இறக்கும் மூடி. அதன் பக்கவாட்டில் ஒரு கண்ணாடித்தாள் உறை தொங்கியது. ஆறு மாதத்துக்கொருமுறை வந்து போகும் பொறியியலாளர் கையொப்பமிட்ட தாள்கள் அதற்குள் இருந்தன.

"மூண்டு வரியத்துக்கு முதல் புதுசா வந்தது," என்றாள் லூர்தம்மா. "முதலாம் பொத்தான் கோப்பைக்கு மட்டும். இரண்டாவது சட்டிக்கு. மூண்டாவது குவளைக்கு. ஒரு கூடைக்குப் பதினெட்டுக் கோப்பை. ஒவ்வொரு பொத்தானும் எத்தினை தரம் ஓடினது எண்டு உள்ளுக்க எண்ணி வைச்சிருக்குது. வாற பெடியன் ஒவ்வொரு முறையும் அதைத் தாளில எழுதிப்போட்டுப் போவான். இதுக்குக் கதைக்கத் தெரியாது. எண்ணத் தெரியும்."

கம்சனா தாள்களை உருவி, நின்றபடியே கணக்கிட்டாள். கடந்த பள்ளி ஆண்டில் நூற்றுத்தொண்ணூறு நாட்கள். முதலாம் பொத்தான் ஓடியது நாலாயிரத்து நூற்றெண்பது தடவை. நாளொன்றுக்கு இருபத்திரண்டு கூடை. முந்நூற்றுத் தொண்ணூற்றாறு தட்டு.

"கூடை நிறையாமல் ஓட விட்டிருக்கலாம்," என்றாள், விடாமல்.

சுகன்யாதேவி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "அரைக் கூடை ஓடவிட்டால் இவவின்ர குசினியில ஒருத்தரும் நிக்க ஏலாது, பிள்ளை. நான் ஒருக்கால் விட்டிட்டு ஒரு கிழமை வாங்கிக் கட்டினனான்."

அன்று மதியம் கம்சனா வெள்ளை அங்கி அணிந்து இயந்திரத்தின் அருகில் நின்றாள். நின்ற இடத்திலிருந்து வரிசை நேராகத் தெரிந்தது. மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அட்டையைக் காட்டினாள். சிவப்பு எரிந்தது. சிறுமி விளக்கைப் பார்க்கவில்லை. லூர்தம்மாவின் கையைப் பார்த்தாள். பருப்புச் சூப் தட்டில் விழுந்தது. "கரட் வேணுமோ?" என்ற கேள்வி ஜெர்மன் மொழியில் கேட்டது. அடுத்த பிள்ளை வந்தது.

கம்சனா எண்ணினாள். இருபத்திரண்டு கூடை. பிறகு ஓரமாக உட்கார்ந்து ஒரு நாளைய மொத்தச் செலவான ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதை முந்நூற்றுத் தொண்ணூற்றாறால் வகுத்தாள். மறுபடியும் வகுத்தாள்.

"ஐஞ்சு யூரோ," என்றாள். "சரியா ஐஞ்சு. பெட்டிச் சாப்பாட்டைவிட முப்பத்தைஞ்சு சதம் குறைவு. ஒன்றியத்திலேயே மலிவான சாப்பாடு உங்கட." தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "ஆனால் நீங்கள் விதியை மீறினதையும் நான் எழுதவேணும், ஃபிராவ் அலோசியஸ். அதை விட ஏலாது."

"எழுதுங்கோ. பிழையில்லாமல் எழுதுங்கோ."

கம்சனா எழுந்து போகவில்லை. "இந்தப் பிள்ளையளின்ர தாய் தகப்பனுக்கு, மதியச் சாப்பாட்டுக்கு அரசாங்கம் காசு குடுக்கும் எண்டு தெரியுமோ? வருமானம் குறைஞ்ச வீடெண்டால், ஒரு அன்ட்ராக் படிவம் நிரப்பிக் குடுத்தால், அந்தக் காசு நேரா ஒன்றியத்துக்கு வரும்."

"அந்தக் கடதாசியைப் பாத்தே பாதிப் பேர் பயந்து போறவை."

"அப்ப ஆரும் பக்கத்தில இருந்து நிரப்பவேணும்."

மார்கழி முழுவதும் பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு உணவுக்கூடத்தில் படிவங்கள் நிரம்பின. தலைமை ஆசிரியர் தாமே ஓர் அழைப்புக் கடிதம் எழுதி எல்லா வீட்டுக்கும் அனுப்பியிருந்தார். சிரியாவிலிருந்து வந்த தாய்மார் வந்தார்கள். உக்ரேனியப் பெண்கள் வந்தார்கள். மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு ஜெர்மன் தகப்பன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தான். ஆறு பெண்களும் மேசைக்கொருத்தியாக அமர்ந்தார்கள். தங்கள் அகதி விண்ணப்பங்களை நிரப்பி நிரப்பித் தேறிய கைகள் அவை. எந்தக் கட்டத்தில் தடுமாறுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். லூர்தம்மா ஒரு கட்டமும் வெறுமையாக இருக்க விடவில்லை. எழுத்துத் தெளிவில்லாத தாளைத் திருப்பிக் கொடுத்தாள். தொண்ணூறு பிள்ளைகளில் எழுபத்தொருவருக்கு அனுமதி வந்தது.

இதற்கிடையில் கம்சனா மற்ற நாற்பத்திரண்டு பள்ளிகளுக்கும் போனாள். அங்கே இயந்திரம் சொன்னதைப் பெட்டிகள் சொல்லின. ஒவ்வொரு பள்ளியும் பணம் கட்டிய பிள்ளைகளின் தொகைக்கு மேல் நாற்பது, ஐம்பது பெட்டி கூடுதலாக வரவழைத்துக்கொண்டிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் எல்லோரும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்கள்: முன்னெச்சரிக்கை. எவரும் எவரிடமும் சொல்லாமல், நாற்பத்து மூன்று பந்திகளிலும் அகப்பைகள் விளக்கைப் பார்க்காமலே இயங்கியிருக்கின்றன.

தைமாதத்தின் இறுதியில், ஒரு வியாழக்கிழமை பிற்பகல், ஒன்றியப் பேரவை கூடியது. வெளியே உறைபனி உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. பார்வையாளர் வரிசையில் ஆறு பெண்களும் மேலங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். அலோசியஸ் பூசைக்கு உடுத்தும் கறுப்புக் கோட்டுடன் வந்திருந்தார்.

கம்சனா முப்பது நிமிடம் பேசினாள். ஒரு சொல் கூடவில்லை, ஒரு சொல் குறையவில்லை. ஒன்றியத்தின் உணவுச் செலவு பெருகவில்லை. வர வேண்டிய வருமானம் கேட்கப்படாமல் கிடக்கிறது. ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிள்ளைகள் அரசின் உதவிக்கு உரியவர்கள். அவர்கள் ஏற்கெனவே உண்டுகொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காக விண்ணப்பித்தால், தலைக்கு நாளொன்றுக்கு நான்கு யூரோவாக ஆண்டுக்குப் பதினான்கு இலட்சத்து நாற்பத்து நான்காயிரம் வரும். துண்டு விழுந்ததில் மூன்றில் இரண்டு பங்கு அதிலேயே அடைபடும். சிவப்பு மையில் இருந்த சமையற்கூடம் ஒன்றியத்திலேயே சிக்கனமானது. அதன் பொறுப்பாளர் பதினான்கு ஆண்டுகளாக எழுத்துமூல விதியொன்றை மீறி வந்திருக்கிறார். பெயர் குறிப்பிடாத கடிதத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

நிதிப் பொறுப்பாளர் பிரிங்க்மன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃபிராவ் அலோசியஸ் வந்திருக்கிறாரா?"

லூர்தம்மா எழுந்தாள். அவளுடைய ஜெர்மன் இலக்கணத்தில் பிசகில்லை.

"இது விதிக்கு மாறானது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும், ஐயா. உங்கள் கடிதம் என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது."

"சமையற்கூடத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறீர்கள். இதை மட்டும் ஏன் எழுதவில்லை?"

"எழுதியிருந்தால் நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள்."

பின்வரிசையில் யாரோ ஓர் உறுப்பினர் வெடித்துச் சிரித்தார். இன்னொருவர் கை தட்டினார். தட்டல் வரிசை வரிசையாக முன்னே வந்தது. கடைசியில் பிரிங்க்மனும் மேசையை விரல் மடக்கித் தட்டினார், அந்த ஊர்ப் பல்கலைக்கழகங்களில் தட்டுவதுபோல்.

முப்பத்தொருவர் சமையற்கூடம் தொடர வேண்டும் என்றனர், நால்வர் எதிர்த்தனர். பாண் துண்டு விதி நீக்கப்பட்டது. இனி எந்தப் பள்ளியிலும் பிள்ளைகளைப் பந்தியில் எண்ண வேண்டாம், கழுவும் இடத்தில் தட்டுகளை எண்ணினால் போதும் என்று கம்சனா எழுதியிருந்த பரிந்துரை அப்படியே ஏற்கப்பட்டது. லூர்தம்மாவுக்கு எழுத்துமூலக் கண்டனம் ஒன்று வழங்கப்பட்டது. பிரிங்க்மன் படியிறங்கி வந்து அலோசியஸின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். அலோசியஸ் கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "பறவாயில்லை, உங்கள் வீட்டில் விசேசம் என்றால் சொல்லுங்கள்," என்றார்.

"அக்கா, கண்டனக் கடிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவமோ?" என்று பேருந்தில் கேட்டாள் சுகன்யாதேவி.

"உறையில போட்டு மேல்தட்டில வை. மற்றக் கடிதம் தனியக் கிடக்குது."

அடுத்த வியாழக்கிழமை சோறும் பூசணிக்காய்க் கறியும். பந்தி முடியும் நேரத்தில் கடைசியாக ஒரு தட்டுடன் கம்சனா நின்றாள். கணினிப் பை இல்லை.

"அறிக்கை முடிஞ்சுது, அன்ரி," என்றாள். "இனிச் சாப்பிடலாம்." ஐந்து யூரோத் தாள் ஒன்றை மேசையில் வைத்தாள். "விலை எனக்குத் தெரியும்."

லூர்தம்மா அந்தத் தாளை எடுத்துக் காசுப் பெட்டியில் போட்டாள். விருந்தினர் கட்டணம் என்று ஏட்டில் எழுதினாள். பிறகு அகப்பையை நிறைத்து, மேலும் ஒரு முறை நிறைத்தாள். சுகன்யாதேவி எதிரில் வந்து அமர்ந்தாள்.

"இப்ப சொல்லலாமெல்லோ? ஆற்ற மகள்?"

"வட்டக்கச்சி ஞானசுந்தரத்தின்ர மகள். அம்மா ஹில்டஸ்ஹைமில இருக்கிறா. தேத்தண்ணி குடிக்காமல் வந்தனெண்டு கேட்டு எனக்கு நல்ல ஏச்சு."

"பாத்தியளே! நான் அந்தத் தாயைப் பிழையா நினைச்சிட்டன்."

கோடியில் இயந்திரத்தின் மூடி திறந்தே கிடந்தது. லூர்தம்மா கூடையின்மேல் கையை ஊன்றிக் காத்து நின்றாள்.

"பிள்ளை, ஆறுதலாச் சாப்பிடுங்கோ எண்டுதான் சொல்லவேணும். ஆனால் இதுக்குள்ள பதினேழுதான் கிடக்குது."

கம்சனா தட்டை வழித்து உண்டாள். எழுந்து வந்து தானே அதைப் பதினெட்டாவது இடத்தில் செருகினாள். லூர்தம்மா மூடியை இறக்கி முதலாம் பொத்தானை அழுத்தினாள்.